சீசருக்குப் பின்பாதி

திண்டுக்கல் மாநகர மக்களுக்கும், சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும், அக்கறை இருந்தால் உலகத்துக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கஸ்பார் அவர்களின் நாய் சீசர், முதுமை காரணமாகத் தன் தூக்கத்தை மாற்றிக்கொண்டுள்ளது.

தெரு வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டவர் சாட்சாத் கஸ்பாரேதான். கிழட்டு நாய்கள் பகலில் தூங்கும், ராத்திரி அலையும், கனவில் காலை உதைக்கும், எல்லாம் மூளை தேய்வதால் என்று விளக்கவுரையும் இருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதற்கே முன்னுரை எழுதுகிறவர்.

செம்பட்டியில் இருக்கும் மகள் ரூபி அதைப் படித்துச் சிரித்தாள். கடைசி வரியில் சிரிப்பு நின்றது. 'விளக்கு வைத்த பிறகு தூக்கத்தில் முனகுகிறது. பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.'

சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் பினாயில் வாடை. அதற்கு அடியில் ஈர ரோமத்தின் வாடை. அப்பா பாதியாகியிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. சரியாகத் தூங்கி நாளாகிறதாம். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டாள். நாயைக் காட்டியாகிவிட்டது என்றார்.

அம்மா இஞ்ஞாசியம்மாள் தவக்காலத்தில் இறந்தாள். அதுவரை அந்த வீட்டில் தினமும் ஜெபமாலை. அம்மா மங்கள வார்த்தை ஜெபத்தின் முன்பாதியைச் சொல்லி நிறுத்துவாள். பின்பாதியை மற்றவர்கள் சொன்னால்தான் மாலையின் அடுத்த மணிக்கு நகர்வாள். பிள்ளைகள் சொல்வார்கள். கஸ்பார் பேப்பருக்குப் பின்னால் இருப்பார். கடவுளோடு தனக்கு நேரடித் தொடர்பு என்பது அவர் கட்சி. சீசர் அம்மாவின் முழங்காலருகே கிடக்கும்.

கோவில் மணி அடித்தது. அம்மாவின் பாயில் சீசர் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

முதலில் உதடு துடித்தது. அப்புறம் முனகல். ஏறி, இறங்கி, ஓரிடத்தில் இழுத்து நின்றது.

ரூபிக்கு அந்த ராகம் தெரியும். சளி கட்டிய அந்தக் கடைசி இழுப்பு உட்பட.

நாயின் வயிறு அசையவில்லை.

கஸ்பார் மண்டியிட்டு, அவசரமாகப் பின்பாதியைச் சொன்னார். சீசர் மூச்சு விட்டது. மறுபடி முனகத் தொடங்கியது.

"நான் சொல்லலைன்னா மூச்சு விட மாட்டேங்குது ஆத்தா."

"அம்மா இருந்தப்ப ஒரு நாளாச்சும் வாயத் தொறந்தீகளா?"

"அப்ப நீங்கள்லாம் இருந்தீங்கள்ல."

ஆரம்பத்தில் ஒரு ஜெபமாலை முடிந்ததும் சீசர் விழித்து அலையப் போய்விடுமாம். இப்போது விழிப்பதே இல்லை. விடிய விடிய அவர் பதில் சொல்ல வேண்டும். இப்படியே போனால் நாய்க்கு முன்னால் அப்பாதான் போவார் என்று ரூபிக்குப் பட்டது. வயசான நாய், போக விடுங்கள் என்றாள்.

"நாய் போகட்டும். உங்கம்மால்ல ஜெபத்து நடுவுல நிக்கிறா."

முனகல் மீண்டும் இழுத்து நின்றது. கஸ்பார் வாயெடுத்தார். ரூபி அந்த வாயைக் கையால் பொத்தினாள்.

"செத்த நேரம் சும்மா இருங்கப்பா."

மின்விசிறி சுற்றியது.

அவள் உள்ளங்கைக்குள் அவர் உதடு நெளிந்தது.

சீசரின் பின்னங்கால் ஒருமுறை நீண்டது. அப்படியே நின்றுவிட்டது.

கஸ்பார் கொஞ்சம் அழுதார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, குழுவுக்கு இரங்கலுரை எழுத ஆரம்பித்தார். முன்னுரையைத் தாண்டுவதற்குள் கண் சொருகிவிட்டது. பல நாள் கழித்து மனுஷன் தூங்குகிறார். ரூபி சீசரை அந்தப் பாயாலேயே மூடினாள்.

நாற்காலி கிரீச்சிட்டது.

தூக்கத்தில் அப்பாவின் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன, எங்கோ ஓடுவதுபோல.

உதடு துடித்தது. அந்த வாயிலிருந்து முன்பாதி வந்தது. அம்மாவின் குரலில், அம்மாவின் இழுப்போடு.

நின்றது.

சட்டை அசையவில்லை.

ரூபி தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். கண் திறக்கவில்லை, உதடு நீலம் பாய்ந்தது. அவள் மண்டியிட்டுப் பின்பாதியைச் சொன்னாள். அப்பா மூச்சு விட்டார். அடுத்த முன்பாதி தொடங்கியது.

ரூபி இன்னும் செம்பட்டிக்குத் திரும்பவில்லை.