வடிகட்டியில் தங்கியது

பல் துலக்கும்போதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. தண்ணீரில் க்ளோரின் வாடை இல்லை.

பள்ளிக் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவள் அவள். பகலில் பாதி குளத்திலேயே கழிவதால் தலைமுடி, துண்டு, தலையணை உறை எல்லாவற்றிலும் அந்த வாடை ஒட்டிக் கிடக்கும். வீட்டுக் குழாயைத் திறந்தாலும் அதே காரம் லேசாக மூக்கில் ஏறும். இன்று இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று. தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்து மடிப்பில் முகம் புதைத்தால் வருமே, வெதுவெதுப்பாக ஒரு மணம், அது குழாயிலிருந்து வந்தது. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு நாக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டாள்.

சமையலறையில் கணவன் இரண்டாவது டம்ளரைக் காலி செய்துகொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டிய ஆள். மேசைக்கு அந்தப் பக்கம் மகளும் டம்ளரை நக்கிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி தேனா இருக்குடி" என்றான்.

"குடிக்காதீங்க. மருந்தே போடாம விட்டிருக்காங்க."

"மருந்து நாத்தம் அடிச்சாலும் குத்தம், அடிக்கலைன்னாலும் குத்தமா? உனக்குச் சண்டை போட ஆள் கிடைக்கலைன்னா குழாயோட போடுவியா?"

அவள் குழாயைத் திறந்தாள். ஒரு பாட்டிலில் பிடித்துக் குளத்துக்கு எடுத்துப் போனாள். குளத்து நீரைச் சோதிக்கும் சொட்டு மருந்தை அதில் விட்டாள். கொஞ்சமாவது க்ளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஆகவில்லை. சொட்டு உள்ளே இறங்கியது, பாதியில் நின்றது, பிறகு யாரோ உறிஞ்சினாற்போல மறைந்தது.

குடிநீர் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்க. ரொம்ப நல்ல தண்ணி" என்றது ஒரு ஆண் குரல். அப்புறம் மடக் மடக்கென்ற சத்தம். அவர் ஃபோனை வைக்கவில்லை, மூச்சு விடாமல் குடித்துக்கொண்டே இருந்தார்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்று எல்லோரையும் போல அவளுக்கும் தெரியும். பாத்திரம் நிறையக் கொதிக்கவிட்டு இறக்கினாள். ஆறியதும், பாலில் கட்டுவது போல, மேலே ஆடை கட்டியிருந்தது. கரண்டியால் கீறினாள். கீறல் மெல்ல மூடிக்கொண்டது.

முழுப் பாத்திரத்தையும் சிங்க்கில் கொட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். ஃபோனை எடுத்து ஃபில்டர்காரரைக் கூப்பிட்டாள்.

வந்தவர் வாய் ஓயாதவர். பேனா போன்ற ஒரு மீட்டரைத் தண்ணீரில் முக்கினார். "உப்பு கம்மிதான் மேடம். ஆனா இந்த நம்பர் உப்பை மட்டும்தான் சொல்லும். கிருமி இருக்கான்னு இதுகிட்ட கேட்டா, திருதிருன்னு முழிக்கும். உப்பை எடுக்கத்தான் ஆர்ஓ. உங்களுக்கு அது வேண்டாம், பாதித் தண்ணி வீணாத்தான் போகும். முதல்ல தூசு வடிக்கிற ஃபில்டர், அடுத்தது வாடையை எடுக்கிற கரி ஃபில்டர், கடைசியா கிருமியைக் கொல்ற யூவி லைட்டு. போதும். சமையலறையில போட்டுரவா?"

"பல் துலக்கறதும் குளிக்கறதும் இதே தண்ணிதானே அண்ணா? வீட்டுக்குள்ள வர்ற மெயின் லைன்லயே போடுங்க."

"தண்ணிக்கே வாசல்ல காவலா!" என்று சிரித்தபடி, குளியலறையை ஒட்டிய சுவரில், வீட்டுத் தண்ணீரை மொத்தமாக அடைக்கும் பெரிய வால்வுக்குக் கீழே மாட்டினார். தூசு வடிக்கும் முதல் கிண்ணம் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக். உள்ளே பஞ்சு வெள்ளையில் வடிகட்டி. கரியில் இரண்டு நாள் தண்ணீர் ஓடட்டும், அப்புறம் யூவியைப் போடலாம் என்றார்.

மறுநாள் அது இளஞ்சிவப்பாக இருந்தது. அதற்கு மறுநாள் பருத்திருந்தது. கரப்பான்பூச்சியைக்கூட வெறுங்காலால் மிதிப்பவள், டார்ச் அடித்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். மேலெல்லாம் மெல்லிய கோடுகள், விரல் நுனியில் இருப்பது போல, சுழன்று சுழன்று.

ஃபில்டர்காரர் திரும்ப வந்தார். "சில ஊர்த் தண்ணில பாசி இப்படித்தான் மேடம் கட்டும்" என்று கிண்ணத்தைக் கழற்றக் கை வைத்தவர், சட்டென்று எடுத்துக்கொண்டார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"சூடா இருக்கு" என்றார். "துடிக்குது."

"யூவியைப் போடுங்க."

"மேடம், விட்டுருங்க..."

அவளே சுவிட்சைத் தட்டினாள். நீல வெளிச்சம் கசிந்தது. சுவருக்குள் குழாய்கள் அதிர்ந்தன, மேல் வீடு, கீழ் வீடு, கட்டடம் முழுக்க. கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்த மகள், இங்கே நடப்பது எதுவும் தெரியாதவள், வீறிட்டாள்: "அம்மா! அதுக்கு வலிக்குது!"

ஃபில்டர்காரர் கருவிப் பையைப் போட்டுவிட்டு ஓடினார். அவள் விளக்கை அணைக்கவில்லை.

அடுத்த விடுமுறை நாள் பகலில், கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். மாடிக்கு மாடி கதவோரங்களில் ஃபில்டர்கள் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. டிவி சத்தமில்லை, குழந்தைகள் சத்தமில்லை. மூடிய ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் குழாய் ஓடும் ஓசை மட்டும். நல்ல வெயில். அவள் மீதிப் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள்.

வீட்டில் யூவி அணைந்திருந்தது. வயர் பிடுங்கப்பட்டிருந்தது.

சமையலறையில் மகள் ஸ்டூல் போட்டு ஏறி, குழாயைக் கவ்வியபடி நின்றிருந்தாள். தண்ணீர் முழு வேகத்தில். சொட்டுக்கூடச் சிந்தவில்லை. தொண்டை அசையவில்லை. உள்ளே போய்க்கொண்டே இருந்தது. குளியலறைக் குழாயில் கணவன். அதே மாதிரி. கண் திறந்து.

மகளைப் பிய்த்து இழுத்தாள். வரவில்லை. குழாய் அவளைப் பிடித்திருந்தது.

பாட்டில்களைப் போட்டுவிட்டு வால்வுக்கு ஓடினாள். இரண்டு கையாலும் சக்கரத்தைப் பற்றித் திருகினாள். இறுகியது. நின்றது. கட்டடத்தில் எங்கேயோ ஒரு பெருமூச்சு.

அமைதி.

"அம்மா, திறம்மா."

திரும்பினாள். ஈரக் காலோடு மகள் வந்து நின்றிருந்தாள். வாய் மூடியிருந்தது. அவள் பின்னால் கணவன். அவன் வாயும்.

"தாகமா இருக்கும்மா."

குரல் கிண்ணத்திலிருந்து வந்தது. பிளாஸ்டிக்கோடு அழுந்திக்கொண்டு, சின்னதாக, சிவப்பாக, இரண்டு உதடுகள்.

"மாட்டேன்" என்றாள்.

சக்கரம் அவள் கைக்குள் இடப்பக்கம் நகர்ந்தது. தானாக. அவள் வலப்பக்கம் இழுத்தாள். கால்களை அகட்டி ஊன்றினாள். நீந்தி நீந்தி முறுக்கேறிய தோள்கள் அவளுடையவை.

"ஒரு வாய்தானேடி" என்றது அந்த உதடு, கணவனின் குரலில். "குடிச்சுப் பாரு. அப்புறம் கோபமே வராது."

"என் கோபம் எனக்கு வேணும். என் வீடு. என் குழந்தை. மாட்டேன்னு சொன்னேன்ல!"

முதுகில் நான்கு ஈரக் கைகள் படிந்தன. குளிர்ந்த கைகள். ஒரு ஜோடி சின்னது. அவள் உதறவில்லை, பிடியை விடவுமில்லை. பல்லைக் கடித்தாள். உதட்டைச் சேர்த்துக்கொண்டாள். சக்கரத்தை இன்னொரு அரைச் சுற்று இறுக்கினாள்.

கிண்ணத்தில் இன்னொரு வாய் பிளந்தது. வளர்ந்த ஒருத்தியின் வாய்.

"இதோ திறக்கறேன்டா கண்ணு" என்றது, அவளுடைய சொந்தக் குரலில்.