குழி விழுந்த ஆரஞ்சு

காலை ஏழு மணி. குளிர்கிடங்கைத் திறந்த முதலாளி அலறினார்.

கடைசிச் சுவரோரம் அடுக்கியிருந்த ஆரஞ்சுகள் அத்தனையிலும் தோலில் பழுப்புக் குழிகள். எல்லாம் கதிர்வீச்சு காட்டி வைத்த பழங்கள். கதவோரம் இருந்த கதிர் காட்டாத பழங்களோ பளபளவென்று இருந்தன.

ஏழரைக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். பட்டப்பெயர் 'சந்தேகம்'. பெற்ற தாய் காப்பி கொடுத்தாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

"இவதான் சார். வேணும்னே கதிரைக் கூட்டி வச்சிருக்கா. உள்ள தள்ளுங்க!" முதலாளி கதிர் இயந்திரத்தை இயக்கும் பெண்ணைக் காட்டினார்.

"அளவு மீறினா தோல் இப்படி ஆகும்தான். ஆனா நான் மீறல சார். அளவோட காட்டினா பழம் சீக்கிரம் அழுகாது. அதுக்குத்தானே மெஷினே!" என்றாள் அவள். வேலை போனால் வேறு தேடலாம். ஜெயிலுக்குப் போனால் பிள்ளைகளுக்கு யார்?

சந்தேகம் இருவரையும் நம்பவில்லை. உள்ளே போனார். இருவரும் பின்னாலேயே வந்தார்கள். கடைசிச் சுவரில் குளிர் விசிறி உறுமியது. கோட்டு போட்டிருந்தும் பல் தந்தியடித்தது. கதவருகே, சாக்கு போர்த்திய ஸ்டூலில் கிடங்குக் காவலாளி மெல்லிய சட்டையோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் வெப்பமானி. அளவு சரியாகவே இருந்தது.

விசிறிக்கு நேராக ஒரு பை தொங்கியது. உள்ளே எலுமிச்சை. அதிலும் அதே குழிகள்.

"இது யாருது?"

"என்னுதுங்க. வீட்டு மரத்துக் காய்," என்றார் காவலாளி.

"மெஷின்ல விட்டீங்களா, பெரியவரே?"

"அந்தக் கருமத்துலயா? எனக்கென்ன கிறுக்கா?"

சந்தேகம் கதவருகே திரும்பி வந்து, ஸ்டூலின் சாக்கைத் தூக்கினார். அடியில் சின்ன ஹீட்டர், செக்கச்செவேலென்று.

"கதிரே படாத எலுமிச்சையும் குழி விழுந்திருக்கு. அப்போ கெடுத்தது கதிர் இல்ல, குளிர். ரெண்டு வகைப் பழமும் கலக்கக் கூடாதுன்னு பிரிச்சு வச்சீங்க. கதிர் காட்டினது விசிறி முன்னாடி மாட்டிக்கிச்சு. வெப்பமானி சொல்றபடிதானே குளிர் மெஷின் ஓடும்? கீழ ஹீட்டர். வெப்பமானிக்குச் சூடு தட்டத் தட்ட மெஷின் நிக்காம ஓடியிருக்கு. அந்தக் கோடி வெறச்சுப் போச்சு."

"அப்போ இவன்தான் குற்றவாளி!" முதலாளி பாய்ந்தார்.

"பெரியவரே, எங்க உங்க கோட்டு?"

"எத்தனை தடவை கேட்டேன்! 'சும்மா உக்காந்திருக்கிறவனுக்குக் கோட்டு ஒரு கேடா'ன்னார் முதலாளி."

சந்தேகம் முதலாளியின் கம்பளிக் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். "பழத்தைக் கெடுத்தது நீங்கதான்."

சந்தேகம் குழி விழுந்த ஓர் ஆரஞ்சை உரித்து, மோந்து பார்த்து, ஒரு சுளையை வாயில் போட்டார்.

"தோல்தான் கெட்டிருக்கு. சாறு பிழிய ஆகும்."

அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மத்தியானம் புது லோடு வருதுல்ல? அதுக்குள்ள இவருக்குக் கோட்டு வரணும். இல்லன்னா நான் மெஷினைத் தொட மாட்டேன்."

முதலாளி ஆளை அனுப்பவில்லை. தானே கடைக்குப் போனார்.