பிடித்தவன் விடும்வரை

வட்டு திறக்கவில்லை.

பானுப்பிரியா திரையில் வந்த வரியை இன்னொரு முறை படித்தாள். இந்த வட்டை வேறொரு கணினி பிடித்து வைத்திருக்கிறது, நீ தொடக் கூடாது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டையே மூட்டை கட்டியாகிவிட்டது. பாத்திரங்கள் அட்டைப்பெட்டிக்குள், துணிகள் போர்வைக்குள். மிச்சம் இந்த மேஜை, இந்த நாற்காலி, சூடேறிக்கொண்டிருக்கும் இந்த லேப்டாப். வண்டிக்காரன் கஜபதி சாயங்காலம் சாமான் ஏற்றக் குட்டியானை கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் இந்தக் கடைசிச் சோதனையை முடித்துவிட்டால் ஆவடியில் அக்கா லாவண்யாவின் குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அதற்குப் பிறகு நெமிலிச்சேரி பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள்.

வெளியே காலையிலிருந்து விடாத மழை. தெரு முழுக்க ஒருகாலத்தில் வயலாக இருந்த இடம். ஐப்பசி பிறந்தால் காலி மனைகளெல்லாம் பழையபடி வயலாகிவிடும், தவளைகள் பட்டப்பகலிலேயே கத்தும். மூடிய ஜன்னலுக்குள் ஈரச்சுவரின் வாடையும், கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா கன்னியம்மா விற்பனைக்கு அரைத்துக்கொண்டிருந்த இட்லி மாவின் புளித்த வாடையும் கலந்து ஏறி வந்தன. கிரைண்டர் ஒரே சீராக உருண்டுகொண்டிருந்தது. ஆள் துணை இருப்பதுபோல அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அவள் வேலை என்னவென்று அக்காவுக்கே புரியாது. வங்கிகள் வைத்திருக்கும் மெயின்ஃப்ரேம் என்ற ராட்சசக் கணினியிலும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தக்கூடிய இலவச இயங்குதளம் ஒன்று ஓடும். அதன் கெர்னலுக்குள், அதாவது அடிவயிற்றுக்குள், தகவல்களைச் சேமிக்கும் மெயின்ஃப்ரேம் வட்டுகளோடு பேசுகிற டிரைவர் என்ற நிரல் ஒன்று இருக்கிறது. அதைப் பராமரிப்பவள் அவள். அவளும் செல்வகுமாரும். புருஷனும் பொண்டாட்டியுமாக ஒரே டிரைவரா என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

அந்த வட்டுகளைப் பல கணினிகள் பங்குபோட்டுக்கொள்ளும். ஒன்று எழுதும்போது இன்னொன்று குறுக்கே புகுந்தால் எல்லாம் நாசம். அதனால் எழுத வரும் கணினி முதலில் வட்டைத் தன் பேரில் பிடித்துக்கொள்ளும். ரிசர்வ் என்பார்கள். பிடித்தவன் விட்டால்தான் அடுத்தவனுக்கு. பிடித்தவன் விடாமலே செத்துப்போனால் பறித்துக்கொள்ளவும் ஒரு கட்டளை உண்டு. டிரைவரில் அந்தப் பகுதியை எழுதியவள் பானு. அதை ஏற்காமல் திருப்பித் திருப்பி அனுப்பியவன் செல்வகுமார். "பதில் வரலைன்னா செத்துட்டான்னு அர்த்தமில்ல பானு. மொதல்ல ஆளு செத்தானான்னு பாரு. அப்புறம் பறி." ஊர் உலகம் படிக்கிற மின்னஞ்சலில் இதையே மரியாதையான ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, வீட்டில் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்வான். சொல்லும்போது அவனுடைய இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டிருக்கும். சலக், சலக்.

மாடிப்படியின் மேல்முனையில் இருக்கும் இரும்புக் கிரிலின் சாவி அது. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு கிரிலை உள்பக்கமாகப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது அவன் வழக்கம். பாதுகாப்புக்காம். பால் வாங்கப் போவதற்குக்கூட அவனைக் கேட்டு நிற்க வேண்டும். "பொண்டாட்டிய இன்னா பத்திரமா பாத்துக்கறாரு!" என்று கன்னியம்மா வாயைப் பிளப்பாள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் இதே மேஜையில் அவன் தலைசாய்த்துக் கிடந்தான். என்னங்க என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. தோளைத் தொட்டாள். பதில் இல்லை. மூக்கில் விரல் வைத்துப் பார்க்கவில்லை, நாடி பார்க்கவில்லை. பாக்கெட்டுக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தாள், கிரிலைத் திறந்தாள், கன்னியம்மாவின் கதவைத் தட்டாமல் நேரே தெருவில் இறங்கி ரயில்வே ஸ்டேஷன்வரை நடந்தாள். வெயில் அவ்வளவு நன்றாக இருந்தது. கையில் பூட்டும் சாவியும் இருப்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து ஸ்டேஷனை ஒட்டிய குட்டையில் வீசினாள். திரும்பி வந்து ஆட்களைக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. எப்போது முடிந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது வட்டைப் பிடித்திருப்பது யார் என்று பார்த்தாள். செல்வகுமாரின் சோதனைக் கணினி. அம்பத்தூரில் இருக்கும் பெரிய இயந்திரத்துக்குள் அவனுக்கென்று ஒதுக்கியிருந்த பங்கு. கடைசியாகப் பிடித்ததை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறது போல. "செத்தும் விடமாட்டியா நீ?" என்று வாய்விட்டுச் சொன்னாள். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் அவனை நீ என்றதில்லை.

அம்பத்தூருக்கு ஒரு போன் போட்டு, அந்தக் கணினி உண்மையிலேயே அணைந்து கிடக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பறிக்க வேண்டும். அதுதான் முறை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். ஆனால் மழை வலுத்துக்கொண்டிருந்தது, கஜபதி வந்துவிடுவான், இந்த அறையில் இன்னும் ஒரு நாழிகை உட்கார அவளால் முடியாது. பறிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டாள்.

வட்டு அவள் கைக்கு வந்தது.

அதே நேரம் வாசல் பக்கம் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் ஒன்று கேட்டது. காற்றில் கிரில் ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கீழே கிரைண்டர் நின்றது.

"பானூ! கடைக்கு மாவு போட்டுட்டு வந்துர்றேன், பட்டாபிராம் வரைக்கும் தான்! நான் வர்றதுக்குள்ள பூடாதம்மா!" என்று கன்னியம்மா கத்தினாள். பதிலுக்குக் காத்திராமல் அவள் கிளம்பினாள்; ஸ்கூட்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

சோதனை ஓடத் தொடங்கியது. வரிகள் திரையில் ஏறிக்கொண்டே இருந்தன, எல்லாம் சரி, எல்லாம் சரி என்று. பானு பின்னால் சாய்ந்து கண்ணை மூடினாள். கிரைண்டர் இல்லாத வீட்டில் அதுவரை அடியில் கிடந்த சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கின: ஓட்டைக் குழாயிலிருந்து சன்ஷேடில் விழும் தண்ணீர், திருவள்ளூர் பக்கம் போகும் மின்ரயிலின் நீண்ட ஊதல், தவளைகள், காலி அலமாரியின் கதவு தானாக முனகுவது, அப்புறம், இவற்றுக்கெல்லாம் நடுவே, நின்று நின்று, யாரோ எதையோ யோசித்துக்கொண்டிருப்பதுபோல, சலக், சலக்.

கண்ணைத் திறந்தாள். சத்தம் நின்றுவிட்டது. பெட்டிக்குள் ஸ்பூன்கள் சரிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திரையில் சோதனை நடுவழியில் நின்றிருந்தது. வட்டு பறிபோய்விட்டது. பிடித்திருப்பது மறுபடியும் அவன் கணினி.

இது நடக்கக் கூடாத காரியம். கணினி தானாகப் பறிக்காது. யாராவது உட்கார்ந்து கட்டளை தட்ட வேண்டும். மீண்டும் பறித்தாள். வந்தது. அவள் கையை எடுப்பதற்குள் போய்விட்டது. இந்த முறை அம்பத்தூரில் இயந்திர அறையைப் பார்த்துக்கொள்ளும் தேவாவைக் கூப்பிட்டாள்.

"செல்வா அண்ணன் சிஸ்டமா?" என்றான் தேவா. "அவரு தவறின வாரமே அத்த நான் அழிச்சிட்டேன்கா. இப்போ அப்படி ஒண்ணு இல்லவே இல்ல."

"அப்ப வட்டை யாரு பிடிச்சிருக்காங்கன்னு பாருப்பா."

விசைகள் தட்டும் சத்தம். பிறகு தேவா தயங்கினான்.

"அக்கா, அந்த ஆளும் உங்க ஊட்லேர்ந்துதான் உள்ள வந்துகீறாரு. பக்கத்துல யாருனா உக்காந்துகினு கீறாங்களா?"

பானு போனை மேஜைமேல் வைத்தாள். தேவா "அக்கா, அக்கா" என்பது சின்னதாகக் கேட்டது, பிறகு அதுவும் அடங்கியது. அறைக்குள் ஒரு வாடை எழும்பியிருந்தது. மாவு வாடை இல்லை, சுவர் வாடை இல்லை. பாசி. நாள்பட்ட குட்டைத் தண்ணீர்.

லேப்டாப்பும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். கீழே போய்த் தெருவில் நனைந்துகொண்டு நின்றால் போதும் என்று எழுந்து ஓடினாள்.

கிரில் பூட்டியிருந்தது.

உள்பக்கமாக. அன்று குட்டையில் வீசிய அதே பித்தளைப் பூட்டு. சேறு பூசி, கொண்டியில் ஆகாயத்தாமரையின் வேர் ஒன்று சுற்றிக்கொண்டு, சொட்டுச் சொட்டாகத் தரையில் தண்ணீரை வடித்துக்கொண்டு தொங்கியது. பிடித்து இழுத்தாள். ஆட்டினாள். கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்து, யாராவது வாங்களேன் என்று அலறினாள். மழை அதை வாங்கிக்கொண்டது.

படியில் காலடிச் சத்தம். தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கஜபதி ஏறி வந்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாக்கா, சாமான் ஏத்தலாமா? பூட்டிக்கினு நிக்கறீங்க?"

"பூட்டை உடை கஜபதி. ராடு, சுத்தி, எது கெடச்சாலும் எடுத்துட்டு வா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன், சீக்கிரம் உடை!"

கஜபதி பூட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு அவள் தோளுக்குமேல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் சங்கடமான ஒரு சிரிப்பு வந்தது.

"எதுக்குக்கா உடைக்கணும்? அதோ சாரு உள்ளதான கீறாரு. அவராண்ட சாவி கேளுங்க."

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"தூங்கறாரு போல. மேஜைல தலைய வச்சிகினு கீறாரு." கஜபதி ஒரு படி இறங்கினான். "புருஷன் பொண்டாட்டி சண்டைல என்னைய இழுக்காதீங்க. பேசி முடிச்சிட்டு ஒரு கொரலு குடுங்க, நான் வண்டில கீறேன்."

"போகாத! கஜபதி! அவரு செத்துட்டாருடா!"

"அய்யே, வாயக் கழுவுங்கக்கா," என்றான் அவன், உண்மையிலேயே முகம் சுளித்து. இறங்கிப் போய்விட்டான்.

இருட்டிக்கொண்டு வந்தது. போன் அந்த மேஜைமேல். சாவி அவன் பாக்கெட்டில். இரண்டும் அந்த அறையில். வேறு வழியே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தரை ஈரம். கால் வழுக்கியது.

லேப்டாப் வெளிச்சத்தில் அவன் முதுகு தெரிந்தது. அன்றைக்குப் போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டை, தண்ணீரில் ஊறி முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் மேஜைமேல் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. வலது கை விசைகளின்மேல். இடது கை பாக்கெட்டுக்குள்.

"என்னங்க."

பதில் இல்லை.

"என்னங்க!"

பதில் இல்லை.

இந்த முறை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். அன்று செய்யாததைச் செய்ய வேண்டும். விரலை நீட்டினாள். மூக்கின்கீழ் வைத்தாள். மூச்சு இல்லை. வலது மணிக்கட்டைத் தொட்டாள். ஐஸ். நாடி இல்லை. காத்திருந்தாள். இன்னும் காத்திருந்தாள். இல்லை. ஒன்றுமே இல்லை. செத்துத்தான் கிடக்கிறான். உறுதி.

பாக்கெட்டுக்குள் கையை நுழைத்தாள்.

ஈரத்துணி. சேறு. அவனுடைய விரல்கள், விறைத்து, ஜில்லென்று. அவற்றைத் தாண்டி உள்ளே துழாவினாள். பித்தளை தட்டுப்பட்டது. வளையம். சாவி. அதைப் பற்றி மெதுவாக, மிக மெதுவாக மேலே இழுத்தாள்.

வரவில்லை.

விரல்கள் மூடிக்கொண்டன. அவள் விரல்களின்மேல், ஒவ்வொன்றாக. இறுக்கவில்லை. விடவும் இல்லை. அவள் இழுத்தாள். கதறினாள். கீழே ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு குட்டியானை கிளம்பித் தண்ணீரில் மெல்ல மெல்லத் தூரமாகப் போனது.

அவன் தலை மேஜையிலிருந்து எழும்பவில்லை. முகம் திரும்பவில்லை. மூச்சில்லை. பாக்கெட்டுக்குள் மட்டும் அந்தக் கை, அவள் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எதையோ யோசிப்பதுபோல, சாவிக்கொத்தை மெதுவாகக் குலுக்கத் தொடங்கியது.