வாண்டு ரிட்டயர் ஆகிவிட்டாள்

ரிமோட் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் ஒரு ரிமோட் இருந்தது. அதற்கு இரண்டு கால், இரட்டைச் சடை, ஒன்பது வயது. கடைக்குட்டி என்பதால் எல்லோரும் அதை வாண்டு என்று கூப்பிட்டார்கள்.

அப்போது இருந்தது பழைய டிவி. சேனல் மாற்ற வேண்டுமென்றால் எழுந்து போய் அதன் முகத்தில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். யார் எழுந்து போவது? வேறு யார்!

"வாண்டு, செய்தி போடு." இது அப்பா.

"ஏய் வாண்டு, பாட்டு வைடி." இது அக்கா.

"வாண்டு, மேட்ச் ஆரம்பிச்சிருக்கும், ஓடு ஓடு!" இது சித்தப்பா.

வாண்டு அசையமாட்டாள். "எனக்கென்ன பத்துக் காலா இருக்கு? முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணுங்க. அப்புறம்தான் எழுந்திருப்பேன்" என்று சட்டமாக உட்கார்ந்திருப்பாள்.

வேறு வழியில்லாமல் மூன்று பேரும் பேசுவார்கள். பாட்டு முடிந்ததும் மேட்ச், மேட்ச் நடுவில் செய்தி என்று பேரம் படியும். கூடத்து மூலையில் தையல் மெஷினை மிதித்தபடி அம்மா சிரிப்பாள். அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் அம்மாவிடம்தான் தைக்க வரும். வாண்டு அந்த மெஷினில் முதுகைச் சாய்த்து உட்காருவாள். அம்மா மிதிக்க மிதிக்க முதுகு குறுகுறுவென்று அதிரும். உலகத்திலேயே அவளுக்குப் பிடித்த இடம் அதுதான்.

ஒருநாள் பழைய டிவி புஸ்ஸென்று புகைவிட்டுக் கண்ணை மூடியது. புது டிவி வந்தது, ரிமோட்டோடு.

"இனிமே உன் வேலை போச்சு!" என்றார் சித்தப்பா.

"அப்பாடா, தொல்லை விட்டுது" என்றாள் வாண்டு.

எங்கே விட்டது? தொல்லை அப்போதுதான் ஆரம்பித்தது. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லையே! அப்பா செய்தி பார்க்கும்போதே அக்கா பாட்டுக்கு மாற்றினாள். பாட்டு பாதி போவதற்குள் சித்தப்பா ரிமோட்டைப் பிடுங்கினார். பிடுங்கியதைத் தலையணைக்கடியில் ஒளித்தார். மறுநாள் அது மாவு டப்பாவுக்குள் கிடைத்தது. அக்காவின் வேலை!

ஒரு சாயங்காலம் அக்காவும் சித்தப்பாவும் இழுத்த இழுப்பில் ரிமோட் எகிறிப்போய்த் தையல் மெஷின்மேல் விழுந்தது. ஊசி படக்கென்று உடைந்தது. தைத்துக்கொண்டிருந்த புதுத் துணி கிழிந்தது.

அம்மா கிழிந்த துணியைச் சுருட்டினாள். மெஷினைத் தரதரவென்று உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் கூடத்துக்கு வரவே இல்லை. உள்ளேயிருந்து கடகட சத்தம் மட்டும் கேட்கும்.

"இது சரிப்படாது. ஞாயித்துக்கிழமை இன்னொரு டிவி வாங்கிடறேன். ஆளுக்கொரு ரூம்ல உக்காந்து பாத்துக்கங்க" என்றார் அப்பா.

அக்காவும் சித்தப்பாவும் துள்ளினார்கள். வாண்டு மட்டும் துள்ளவில்லை. ஆளுக்கொரு அறைக்குப் போய்விட்டால் கூடத்தில் யார் இருப்பார்கள்? அம்மா எதற்காகத் திரும்பி வருவாள்?

யோசித்தாள். யோசித்து யோசித்துச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு முடிவுக்கு வந்தாள். எல்லோரும் குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மாவின் துணிக்கூடையிலிருந்து ஒரு பாவாடை நாடாவை எடுத்து, ரிமோட்டை டிவி மேசைக் காலோடு கட்டினாள். முடிச்சுக்குமேல் முடிச்சு. அது ஒரு முழம்கூட நகராது.

சாயங்காலம் சித்தப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "என்னடி இது, கன்னுக்குட்டி மாதிரி கட்டி வச்சிருக்க?"

"யாருக்கு மாத்தணுமோ அவங்க எழுந்து வந்து மாத்தட்டும்."

"நீயே மாத்தேன், என் செல்லம்ல?"

"நான் ரிட்டயர் ஆயிட்டேன் சித்தப்பா."

"வாண்டு, விளையாடாதே. அவுத்து விடு" என்றார் அப்பா.

வாண்டுவின் கண் கலங்கிவிட்டது. "இன்னிக்கு ஒருநாள் மட்டும்பா. அம்மா மறுபடி இங்க வந்து உக்காரணும்."

அப்பா உள்ளறையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

டிவியில் பாட்டு ஓடியது. சித்தப்பா மேட்சுக்கு மாற்ற எழுந்தார். இரண்டடி வைப்பதற்குள், "சித்தப்பா, இந்த ஒரு பாட்டு மட்டும், ப்ளீஸ்!" என்றாள் அக்கா.

படுத்த இடத்திலிருந்தே அமுக்குவது சுலபம். எல்லோரும் பார்க்க நடுக்கூடத்தில் நின்றுகொண்டு மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. சித்தப்பா தலையைச் சொறிந்தார்.

"சரி, பாட்டு முடியட்டும். அப்புறம் மேட்ச். எட்டு மணிக்கு அண்ணனுக்குச் செய்தி. சம்மதமா?"

"சம்மதம்!" என்றாள் அக்கா. அப்பாவும் தலையாட்டினார்.

பாட்டு ஓடியது. யாரும் யாரையும் திட்டவில்லை. உள்ளே கடகட சத்தம் நின்றது. அம்மா கதவோரம் எட்டிப் பார்த்தாள்.

"என்ன, சண்டையே காணோம்? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மாவின் பார்வை மேசைக் காலுக்குப் போனது.

"அடிப்பாவி! அது பக்கத்து வீட்டம்மா பாவாடைக்கு வாங்கி வச்ச நாடாவாச்சே!"

"நீ இங்க வந்து உக்காரும்மா, அவுத்துத் தரேன்" என்றாள் வாண்டு.

அப்பா எழுந்தார். "டேய் தம்பி, ஒரு கை பிடி" என்றார். அண்ணனும் தம்பியுமாக மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, பழைய மூலையிலேயே வைத்தார்கள். கிழிந்த துணியை நினைத்தோ என்னவோ, அக்கா ஓடிப்போய் அம்மாவின் முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அம்மா உட்கார்ந்ததும் வாண்டு மெஷினில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

எட்டு மணி. அப்பா தூரத்தில் கட்டிப்போட்டிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

"வாண்டு..."

"ரிட்டயர்டு" என்றாள் அவள், திரும்பாமலே.

அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்குக் கடைக்குப் போயே ஆகணும்" என்றார் நடந்தபடியே.

வாண்டு சட்டென்று திரும்பினாள். "டிவி வாங்கவா?"

"நாடா வாங்க. பக்கத்து வீட்டம்மாவுக்கு யார் பதில் சொல்றது?"

அம்மா சிரித்துக்கொண்டே மிதிக்க ஆரம்பித்தாள். வாண்டுவின் முதுகு குறுகுறுவென்று அதிர்ந்தது.