நாலாவது கை

காலையில் துணி நனைத்து மூன்று தடவை துடைத்த இடத்தில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மறுபடியும் கைத்தடம் விழுந்திருந்தது. காரின் முன் மட்கார்டில், பச்சைப் பெயிண்டின் மேல், வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மூன்று உள்ளங்கைகள். அலுமினியப் பவுடர் அள்ளிய கை பட்டால்தான் அப்படி விழும். பட்டாசு ஊரான எம். புதுப்பட்டியில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தடத்தில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

"எந்தச் சனியன் வந்து தொட்டுத் தொலைக்குது?" என்று மணிகண்டராஜ் வாய்விட்டே கத்தினான். ஷெட்டைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தான். சாவி இடுப்பில்தான் இருந்தது.

அறுபது வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்த கார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது. நான்கு வருடமாகப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கான பந்தயம். போன இரண்டு வருடமும் பெயர் கொடுத்துவிட்டுப் போக முடியாமல் நின்றுவிட்டான்; இந்தத் தடவையும் வராவிட்டால் இனி உங்கள் பெயரை வாங்கவே மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். காரை ஏற்ற இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு லாரி வருகிறது. இன்ஜினோ, நான்கு சிலிண்டரில் மூன்றுதான் அடிக்கிறது.

நாலாவதுக்கு என்ன கேடு என்று யாருக்கும் தெரியவில்லை. பிளக் புதுசு, வயர் புதுசு. கழற்றிப் பார்த்தால் நீலமாகப் பொறி பறக்கிறது, பெட்ரோல் வருகிறது, காற்று அழுத்தமும் மற்ற மூன்றைப் போலவே இருக்கிறது. மாட்டினால் மட்டும் செத்த பிணம். விருதுநகரிலிருந்து வந்த மெக்கானிக் சாபிர், காலையில் அதன்மேல் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். போன் பண்ணினால் எடுக்கவில்லை.

ஷெட் என்பது பழைய வெடிமருந்து கலக்கும் ரூம். அப்பா காளிராஜ் பட்டாசு கம்பெனி நடத்திய காலத்தில் கட்டியது. ஏழு வருடத்துக்கு முன்னால் இங்கே வெடித்ததில் மூன்று பெண்கள் போனார்கள். கூரையும் போனது, சுவர் நின்றது. அவன்தான் தகரம் போட்டு ஷெட் ஆக்கினான். உள்ளே எத்தனை பேர் வேலை பார்க்கலாம் என்று சுவரில் எழுதியிருந்த 'ஆட்கள் 4' என்பதை மூன்று கோட் வெள்ளையடித்தும் மறைக்க முடியவில்லை. வாசலோரம் ஒன்றரை அடிச் செப்புத் தகடு ஒன்றும் மிஞ்சியிருந்தது. உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணுக்கு இறங்கட்டும் என்று, உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வருடக்கணக்காகக் கைகள் பட்டுப் பட்டு நடுவில் பளபளவென்று தேய்ந்திருந்தது.

ஹெட் பேக்கிங் இங்கிலாந்திலிருந்து வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். இன்ஜின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே வைக்கிற சாதாரணத் தகடு, அதற்கு ஒரு மாதமா என்று எரிச்சல் வந்தது. போன செவ்வாய்க்கிழமை அந்தச் செப்புத் தகட்டைப் பெயர்த்து, நான்கு ஓட்டை வெட்டி, அதையே வைத்து இறுக்கிவிட்டான். கைத்தடம் விழ ஆரம்பித்தது புதன்கிழமை.

வெளியே மாரித்தாய் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த ரூமில் வேலை பார்த்த நாலாவது ஆள்; அன்றைக்குத் தண்ணீர் குடிக்க வெளியே போனதால் பிழைத்தவள்.

"மாரித்தாய்க்கா, நம்மகிட்ட வேலை பாத்த யாருக்காச்சும் சுண்டுவிரல் பாதி இருந்துச்சா?"

துடைப்பம் நின்றது. "அழகுமீனாவுக்கு. அந்த வெடியில போனாளே, அவளுக்கு. எதுக்குக் கேக்கீக மொதலாளி?"

"சும்மாதான்" என்றான். உள்ளே போய் மூன்றையும் அழுத்தித் துடைத்தான். பெட்ரோல் வாடைக்கு அடியில் கந்தக வாடை அடித்தது. துணி வெதுவெதுப்பாக இருந்தது. இன்ஜினோ காலையிலிருந்து ஓடவே இல்லை.

ஐந்தரைக்கு மழை மேகம் கட்டி இருட்டிவிட்டது. கரண்டும் போனது. லாரி டிரைவர் ஊர்க்காவலன் போனில், "திருத்தங்கல் தாண்டிட்டேன் அண்ணாச்சி" என்றான். மணிகண்டராஜுக்கு அழுகை முட்டியது. நான்கு வருடம்! கடைசி முயற்சியாகப் பொறி விழுகிற டைமிங்கைத் திருப்பிப் பார்க்க இரண்டு கையும் வேண்டும். டார்ச் பிடிக்க ஆள் இல்லை.

"அக்கா, அஞ்சே நிமிசம். லைட்டைப் பிடிங்க."

"அந்த ரூமுக்குள்ள நான் ஏளு வருசமா கால் வச்சதில்ல மொதலாளி."

"இதுகூடச் செய்ய மாட்டீகளா? எல்லாருஞ் சேந்து என் உசுரை வாங்குங்க!"

அந்தக் கத்தலில் அவனுக்கே வெட்கமாகிவிட்டது. வேண்டாம், போங்க என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நாலாவது சிலிண்டர்தான் கண் முன்னால் நின்றது.

மாரித்தாய் நீல வார் செருப்பை வாசலில் கழற்றினாள். டார்ச்சை வாங்கிக்கொண்டாள். மறு கை பழக்கத்தில் சுவரைத் தேடியது.

"தகடு எங்க?"

"வண்டிக்குள்ள இருக்குக்கா. வண்டியைத் தொட்டுட்டு வாங்களேன், எல்லாம் ஒண்ணுதான்."

சாவியைத் திருப்பிவிட்டுக் குனிந்தான். இன்ஜின் உருமியது. மூன்று. மூன்று. மூன்று. வெறுங்கால்கள் வரும் சத்தம். வெளிச்சம் தோளுக்கு மேலே விழுந்தது. மட்கார்டில் ஒரு கை மெதுவாகப் படிந்தது.

நாலாவது அடித்தது.

நான்கும். சீராக. இழைத்த மாதிரி. அவன் இத்தனை வருடம் தூக்கத்தில் கேட்ட சத்தம்.

"அக்கா! ஓடுது!"

வெளிச்சம் ஆடியது. கீழே விழுந்தது. டார்ச் தரையில் உருண்டு சுவரில் முட்டி நின்றது. எரிந்துகொண்டுதான் இருந்தது.

யாரும் இல்லை.

எதிர்ப் பக்கக் கதவில் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. வாசல் பக்கம் யாரும் ஓடவில்லை. ஓடியிருந்தால் அவனைத் தாண்டித்தான் ஓடியிருக்க வேண்டும். மட்கார்டில், துடைத்த மூன்றும் திரும்பி வந்து, நான்கு கைத்தடம். நாலாவது இன்னும் ஈரமாக இருந்தது.

சாவியைத் திருப்பினான். நிற்கவில்லை. சாவியை உருவினான். ஓடியது. பேட்டரி வயரைப் பிடுங்கினான். ஓடியது. கந்தக வாடை. தொண்டை எரிந்தது. மூடியிருந்த இன்ஜின் தலைக்குள்ளிருந்து, சத்தத்துக்கு அடியில், நாலு பேர் வேலை பார்த்துக்கொண்டே பேசிக்கொள்வது கேட்டது.

கேட்டில் லாரி ஹாரன் அடித்தது.

"அண்ணாச்சி, சத்தம் எம்புட்டு அளகா இருக்கு! ஏத்திருவமா?"

மணிகண்டராஜ் வாசலுக்குத் தடுமாறி வந்தான். படியில் மாரித்தாயின் நீல வார் செருப்பு இருந்தது. அதற்குப் பக்கத்தில் வரிசையாக, ஓரம் உருகிக் கருத்த இன்னும் மூன்று ஜோடி இருந்தன.