இரு முனையும் மூடு

கோவையில் பொற்கொடிக்கு எந்தக் கதவும் திறப்பதில்லை. பேருந்து வரும், நிற்கும், அவளைத் தவிர மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஊரே காதுக்குப் பின்னால் பொருத்தியிருக்கும் செவிமணியில், கதவும் வண்டியும் அழைப்பும் ஆளை அடையாளம் காணும் இணைவாசலை அவளுக்கு மட்டும் மூடி ஒரு வருடமாகிறது. இணைவாசல் மூடியவள் நடமாடும் பிணம்.

மூடியவன் குணாளன். செவிமணிகள் அனைத்துக்கும் அடியில் ஓடும் கருநிரல் என்ற மூல மென்பொருளை எழுதும் நிலையத்துக்குத் தலைவன். அவன் அவசரத்தில் எழுதிய நாலு வரியால் ஒரு மருத்துவமனையின் கருவிகள் ஊமையாகி மூன்று பேர் செத்தார்கள். பழி, அவனுக்குக் கீழே வேலை பார்த்த பொற்கொடியின் தலையில் விழுந்தது.

அதே நிலையத்தில் வேலை பார்த்த அவளுடைய அக்கா யாழரசி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குணாளனுக்குத் தினமும் வணக்கம் வைத்தாள்.

ஒரு நாள் அவனே கூப்பிட்டான். "அம்மணி, இணைவாசல் கட்டளையெல்லாம் குப்பையாக் கெடக்குது. 'மூடு'ங்கறத மட்டும் பதினோரு எடத்துல எழுதி வெச்சிருக்கானுங்க. ஒண்ணாச் சேர்த்துக் குடு."

"சரிங்க சார்." யாழரசி காத்திருந்த வாய்ப்பு இதுதான்.

எட்டு வாரம் உழைத்தாள். அரசாணைப்படி மூடுவதற்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று, பிடிக்காதவர்களைச் சாமானியர்கள் மூடிக்கொள்ள ஒன்று என்று சிதறிக் கிடந்த பதினோரு 'மூடு'களையும் உருவி ஒரே பொதுக் கட்டளையாக்கினாள். நடுவே இரண்டு வரி செருகினாள். ஒன்று தங்கையின் அடைப்பை நீக்கும். மற்றது, ஒருவரை மூடினவனுடைய வாசலையும் சேர்த்து மூடும்; முன்பு எப்போது மூடியிருந்தாலும் சரி.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நிரலில் செய்த மாற்றத்தின் தலைப்பில் 'ஒழுங்குபடுத்தல் மட்டும், நடத்தையில் மாற்றம் இல்லை' என்று எழுதிவிட்டால் ஒருவரும் ஊன்றிப் படிக்கமாட்டார்கள்.

"ஒரு தடவ படிச்சுப் பாருங்க சார்."

"நாலாயிரம் வரியையா? பழசத்தான அடுக்கி வெச்சிருக்கற?" கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் காலை பத்து மணி. புதுக் கருநிரல் எல்லாச் செவிமணிகளிலும் இறங்கியது. யாழரசி குணாளனின் கண்ணாடி அறைக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே அவன் காதைத் தட்டினான். மறுபடி தட்டினான். கதவைத் தள்ளினான். அசையவில்லை.

"எப்பிடி இருக்குதுங்க சார்?" கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினாள். "என்ற தங்கச்சிக்கு ஒரு வருஷமா இப்பிடித்தான் இருந்துச்சு!"

சிரித்தபடியே தங்கையை அழைக்கத் தன் காதைத் தட்டினாள். மௌனம். மின்தூக்கி அவளைக் கண்டுகொள்ளவில்லை. சன்னலுக்குக் கீழே சாலை முழுவதும் வண்டிகள் நின்றிருந்தன.

அப்போதுதான் உறைத்தது. பொதுக் கட்டளை எல்லாருக்கும் பொது! மாமியாரை மூடிய மருமகள், பங்காளியை மூடிய அண்ணன், பழைய காதலனை மூடியவள், எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். தங்கையைப் பழித்த நாற்பத்தியொரு பேரை மூடிவைத்திருந்த யாழரசியும்தான்.

மதியத்துக்கு மேல் நிலையத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வியர்க்க வியர்க்கப் பொற்கொடி நடந்து வந்தாள். ஆயுளில் ஒருவரையும் மூடியறியாதவள்.

"ஊரே நின்னு போச்சுக்கா. எனக்கு மட்டுந்தான் தெறக்குது. எந்த வரின்னு காட்டு."

யாழரசி காட்டினாள். பொற்கொடி அதை அழித்தாள். பெயர்ப் பட்டியலை எடுத்து, மூடிக் கிடந்தவர்களை வரிசையாகத் திறந்துகொண்டே வந்தாள். குணாளனின் பெயர் வந்ததும் யாழரசி கையைப் பிடித்தாள்.

"அவனையுமா புள்ள?"

"பின்ன? மூணு சாவுக்கு விசாரணைல வந்து அவன் வாயத் தெறக்கோணுமல்ல?"

பட்டியலில் கடைசியாக ஒரு பெயர் மிஞ்சியது. பொற்கொடியின் விரல் நின்றது.

"என்னாச்சு? தெற!"

"வெறுந் தாப்பா போட்ட என்ற ரூமுக்கு இங்கிருந்து நடந்தா இருவது நிமிஷம். இன்னைக்குத்தான் எண்ணிப் பாத்தேன்."

"உனக்காகத்தான்டி ராப்பகலா இதெல்லாம்..."

"தெரியும். எட்டு வாரம் அவன நெனச்சு எழுதியிருக்கற. அதுல ஒரு நாள் வந்து கையால கதவத் தட்டியிருந்தா நான் தெறந்திருப்பனேக்கா."

பொற்கொடி திரையை அணைத்தாள்.

"ஒரு வருஷம். அப்பறம் தெறக்கறேன்."

அவளுக்குத் திறந்த கதவு, பின்னாலேயே ஓடிவந்த யாழரசியின் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.