களைப்புக்கு ஏழு சொல்

தொட்டில் கயிற்றில் குடையை மாட்டக் கூடாது என்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆகவே சோமசுந்தரம் மாட்டினான்.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்... ஆனி மாதத்து மழை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவுக்குள் ஒதுங்கியவன், கண்ணில் பட்ட முதல் கயிற்றில் குடையைத் தொங்கவிட்டான். சொட்டிய நீர் நேரே ஒரு பிஞ்சு நெற்றியில் விழுந்தது. அது வீறிட... அடுத்தது வீறிட... பதினொரு தொட்டில்களும் ஒரே ராகத்தில் சேர்ந்துகொண்டன.

உள்ளேயிருந்து ஒருத்தி வந்தாள். முதலில் அவன் பார்த்தது கண்களைத்தான். மழை இறங்குமுன் மலை இருண்டு நிற்குமே... அப்படி இரண்டு கண்கள்.

"யாரு தொர நீங்க? ஒங்க குடைக்கும் தாலாட்டுப் பாடணுமா?"

"ஹட்டன் துணிக்கடை பொன்னையா மகன்ங்க. பேராதனையில படிக்கிறேன். சொல்லு சேகரிக்க வந்தேன். அலுப்புக்கு இங்க என்னென்ன சொல்லு, புள்ளைய எப்புடித் தூங்க வைக்கிறாங்க..."

"எழுப்பி விட்டுட்டுக் கேக்குற கேள்வியப் பாரு! ஒரு புள்ளையத் தூங்க வைங்க, ஒரு சொல்லு தாறேன்."

அவள் பெயர் சண்முகவடிவு, அங்கே ஆயா. அன்று சோமசுந்தரம் கை வலிக்கக் கயிறு இழுத்து ஏழு சொல் சம்பாதித்தான். அலுப்பு வேறாம், அசதி வேறாம். சடவு என்பது இரண்டுக்கும் மூத்ததாம். கை ஓய்ந்து போவதும் கண் சொக்கிப் போவதும் ஒன்றென்று நினைப்பவன் மடையனாம். மீதி நான்கு குழந்தைகளை அவளே இலவசமாகத் தூங்க வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தான். ஆராய்ச்சிக்கு இத்தனை சனிக்கிழமைகள் தேவையில்லை என்பது அந்தப் பதினொரு குழந்தைகளுக்கும் தெரியும்.

கெடுத்தது அவன் பென்சில். 'மலைநாட்டுக் கொட்டாவி: ஓர் ஆராய்ச்சி' என்று பல்கலைக்கழக இதழில் எழுதினான். 'களைப்புக்கு ஏழு சொல் வைத்திருப்பவர்கள் சுறுசுறுப்புக்கு ஒன்றாவது வைத்திருக்கக் கூடாதா?' விடுதியே உருண்டு சிரித்தது. பெருமையோடு கொண்டுவந்து அவளிடம் நீட்டினான்.

வாசித்தாள். சிரிக்கவில்லை.

"சடவுங்கிறது வேலாயி அக்கா சொன்னது. விடியக்காலம் பெரட்டுல வரிசையா நின்னு வேலைக்குப் பேரு குடுத்து, மலையேறி, சாயந்தரம் கூடைய எறக்கி வெச்சுட்டுச் சொன்னது. அதுல எங்க தொர சிரிப்பு?"

"சும்மா வேடிக்கைக்கு..."

"வேடிக்கை பாத்தாச்சுல்ல? இனிமே வராதீங்க."

நகைச்சுவை தெரியாத பெண் என்று ரயிலில் கொட்டகலை வரைக்கும் கோபமாக இருந்தான். ஹட்டனில் இறங்கும்போது, கோபம் யார்மேல் என்பது புரிந்துவிட்டது. அவள் இனி முகம் கொடுத்துப் பேசமாட்டாளோ... அந்த நினைப்பில் இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம் துணிந்து போனான். சட்டைப்பையில் செந்தமிழில் நான்கு பக்க மன்னிப்பு. வடிவு நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவள் இரு தோளிலும் இரண்டு குழந்தைகள் சிணுங்கிக்கொண்டிருந்தன.

பால் கொடுக்கும் நேரம். வேலாயி நனைந்து வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து நீர் வடிய, சுவரில் சாய்ந்து பிள்ளையை மடியில் போட்டாள். பிள்ளை குடித்து முடித்தது. அது கண் மூடுவதற்குள் தாய் கண் மூடிவிட்டாள்... அம்மாவின் முகத்தையே பார்த்திருந்த பிள்ளை மெல்ல உதட்டைப் பிதுக்கியது.

சோமசுந்தரம் குனிந்து அதைத் தூக்கினான். தொட்டிலில் இட்டான். தனக்கு வந்த கேவலமான ராகத்தில் முனகி முனகி ஆட்டினான். பிள்ளை பொறுத்துக்கொண்டு தூங்கியது.

தோளிலேயே தூங்கிவிட்ட இரண்டையும் தொட்டிலில் கிடத்திவிட்டு வடிவு அருகில் வந்தாள்.

"புள்ளைக்கு முந்தி ஆத்தா தூங்கிப் போறாளே... அதுக்கும் ஒரு சொல்லு இருக்கு. எழுதிக்கலையா?"

"வேணாங்க. மெதுவாப் பேசுங்க... அக்கா முழிச்சுக்குவாங்க."

அந்தக் கண்கள் முதல்முறையாக அவன்மேல் நின்றன.

"திரும்ப வேலைக்குக் கொம்பு ஊத எவ்வளவு நேரமிருக்கு?" என்று கேட்டான்.

"பத்து நிமிசம்."

"அதுவரைக்கும் தூங்கட்டும்." நான்கு பக்கச் செந்தமிழும் எங்கோ போய்விட்டது. கயிற்றை விடாமலே கிசுகிசுத்தான். "வடிவு... அன்னைக்கு நான் எழுதுனது தப்பு. நீங்க இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடலை. ஒங்களக் கட்டிக்க ஆசைப்படுறேன்."

வெளியே மழை. உள்ளே பதினொரு தொட்டில்களும் அமைதி. அவள் தரையைப் பார்த்தாள். சாக்கின் ஈரத்தைப் பார்த்தாள். தூங்கும் வேலாயியைப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் என்னவாம்..." என்றாள், இன்னும் மெல்ல. "ஆனா ஒண்ணு. ஒங்க அப்பாகிட்ட இப்புடிக் கிசுகிசுக்கக் கூடாது. கடைவீதிக்கே கேக்குற மாதிரிச் சொல்லணும்... சொல்லுவீங்களா?"